புடலங்கொடிக்கு வந்த இருட்டு

நோர்வேயின் வடக்கே, தெரு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில், ஸ்டைன்விக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வைகாசியில் எழும்புகிற சூரியன் ஆடி பிறந்த பிறகுதான் படுக்கப் போகும், அதுவரைக்கும் மலைகளின் தலைக்கு மேலாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருக்கும், ஆடுகள் எந்நேரமும் மேயும், பிள்ளைகள் நடுச்சாமத்தில் பந்தடிப்பார்கள், சேவல்கள் எப்போது கூவுவதென்று தெரியாமல் கூவுவதையே விட்டுவிடும். அந்த ஊரில், கடைசிக்கு முந்தின வீட்டில், நானும் என் கணவர் நல்லைநாதனும் இருக்கிறோம். கடைசி வீடு பஸ் ஓட்டுகிற ஹால்வோருடையது.

நாங்கள் இருவரும் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். இருபத்திரண்டு வருடம் மீனில் முள் எடுத்த என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அதனால் வீட்டின் பின்பக்கம் கல்லும் பாசியுமாகக் கிடந்த நிலத்தைக் கொத்தி, ஊரார் தந்த ஆட்டெருவைப் போட்டு, ஒரு தோட்டம் வைத்தேன். உருளைக்கிழங்கு, முள்ளங்கி, வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் நித்திரையில்லாத அந்த வெளிச்சத்தைக் குடித்துக் குடித்து வளர்ந்தன. புடலை மட்டும் எனக்கு மசியவில்லை. தெற்குச் சுவரோடு பந்தல் போட்டு, காற்றுப் பக்கம் பொலித்தீன் கட்டி, யன்னலோரம் முளைக்க வைத்த கன்றை வைகாசி முடிவில் கொண்டுபோய் நட்டால் கொடி என்னவோ சந்தோசமாக ஏறும், இலை விடும், மொட்டும் வைக்கும். ஆனால் புடலம் பூ பொழுதுபட்ட பிறகு விரிகிற பூ. பொழுதே படாத ஊரில் அது என்ன செய்யும்? மொட்டுகள் பருத்து, காத்திருந்து, ஒன்றும் நடக்காததைக் கண்டு, மூடினபடியே விழுந்துவிடும். கறுப்புத் துணி போட்டு மூடிப் பார்த்தேன். கொடி ஏமாறவில்லை.

“அதுக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் குடன்,” என்பார் இவர்.

“நீங்கள் முதலிலை பந்தலுக்கு ரெண்டு தடி வெட்டித் தாங்கோ,” என்பேன் நான்.

இப்படி ஏழு கோடை போனது. எட்டாவது கோடையில், ஆனி மாதம், ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிக்கு நான் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது, யாரோ கதவைச் சாத்தினதுபோலப் பந்தலுக்குள் இருட்டிவிட்டது. கண்ணில்தான் பிழையோ என்று வெளியே வந்தேன். வெளியே வெயில் எறித்தது, கடல் மின்னியது. உள்ளே போனேன், இருட்டு. இலைகளுக்கு நடுவில் வானத்து வெள்ளிகள் தெரிந்தன. காற்று வெதுவெதுப்பாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு மொட்டு தன்னை அவிழ்த்து, ஓரமெல்லாம் வெள்ளை நூல் தொங்க, முகத்தைக் காட்டியது.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ.”

இவர் வந்து கையை உள்ளே நீட்டினார். மணிக்கட்டு வரைக்கும் காணாமல் போனது. வெளியே எடுத்து, ஐந்து விரலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

“மூண்டு மணி. எங்கடை ஊரிலை இப்ப ஆறரை. அங்கை பொழுதுபடுற நேரத்துக்கு இஞ்சை இருட்டுது. கணக்குச் சரிதானே,” என்று சொல்லித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த இருட்டு ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தது, நாங்கள் பிறந்த ஊரில் விடிகிற நேரத்துக்குப் போனது. மூன்று பாய் அகலம், நாலு பாய் நீளம். கடிக்கிற நுளம்புகள் உள்ளே வர யோசித்தன. நான் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொட்டுவிட்டேன், நாலாம் நாள் இரண்டு பிஞ்சு பிடித்தது.

முதலில் கண்டவள் பெந்தே. ஊரில் கடையும் தபாலும் அவளுடையவை, யாருக்கு என்ன தேவை என்பதும் அவளுக்குத்தான் தெரியும். தபால் கொடுக்கப் பின்பக்கம் வந்தவள் பந்தலை எட்டிப் பார்த்து, “ஓ, இருட்டா,” என்றாள். “எத்தனை மணி வரைக்கும்?”

“விடியப்புறம் ரெண்டேகால் வரைக்கும்.”

“என் மகளின் குழந்தை பத்து நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை. கொண்டு வரட்டுமா?”

வரவேண்டாம் என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அன்று பின்னேரமே குழந்தை வந்தது, பந்தலுக்குள் வைத்ததும் கொட்டாவி விட்டுத் தூங்கியது. அதன் தாயும் தூங்கினாள். மறுநாள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர்கள் படுக்கைப் பைகளோடு வந்தார்கள், அதற்கு மறுநாள் பள்ளிக்கூட ஆசிரியை தன் தகப்பனையும் ஒரு மான்தோலையும் கொண்டு வந்தாள், பிறகு யார் யாரோ வந்தார்கள், சப்பாத்தைக் கழற்றி வேலியோரம் வரிசையாக வைத்தார்கள், கைபேசியை அணைத்தார்கள், கொடியில் முட்டாமல் குனிந்து போனார்கள், எழும்பிப் போகும்போது வாசலில் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள், உப்புப் போட்ட மீன், காட்டுப் பழம், கம்பளிக் காலுறை, இரண்டு மூட்டை எரு. கோழி வளர்க்கிறவர் சேவலைக் கொண்டு வந்தார். அது ஒரு தூக்கம் தூங்கி எழும்பி, வெளியே வந்து, அந்தக் கோடையில் முதல் தடவையாகக் கூவியது.

பிரதேச சபையிலிருந்து ஒருவர் வந்தார். அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டுமாம். இருட்டைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார், தட்டிப் பார்த்தார், சுவரும் கூரையும் இல்லாததால் இது கட்டடம் ஆகாது என்று சொல்லிவிட்டு, “உள்ளேயும் பார்த்துவிடுகிறேன்,” என்று போனார். அதிகாலையில்தான் வெளியே வந்தார். “எல்லாம் ஒழுங்காக இருக்கிறது,” என்றார்.

ஹால்வோர் மட்டும் வரவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடத்துக்கு முன், தை மாதம், பனிப்புயலுக்குள் நாங்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது எங்களை ஏற்றி வந்தது அவருடைய பஸ். தொழிற்சாலை வாசலோடு பஸ் நின்றுவிடும். “எங்கே இறங்க வேண்டும்?” என்று கேட்டார். எங்களுக்குக் கேள்வியும் விளங்கவில்லை, பதிலும் தெரியவில்லை. இவர், போக வேண்டிய வீட்டின் பெயர் எழுதின கடதாசியைக் காட்டினார். ஹால்வோர் அதைப் பார்த்தார், என் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார், பிறகு தடம் இல்லாத மேட்டில் பஸ்ஸை ஏற்றி வாசல்வரை கொண்டு வந்து, பெட்டிகளைத் தூக்கி வைத்து, அடுப்பையும் மூட்டிவிட்டு, ஒரு சொல் பேசாமல் போனார். அதன் பிறகு ஒவ்வொரு மாரியும் எங்கள் பாதையின் பனியைத் தள்ளிவிடுவார். ஒரு தடவை நான் வடை சுட்டுக் கொடுத்தேன். மறுநாள் தட்டைக் கழுவி அதில் முட்டை வைத்துத் தந்தார். நன்றி என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவரிடம் நான் பேசினதில்லை. அவரும் என்னிடம் பேசினதில்லை.

இந்தக் கோடைக்கு முந்தின மாரியில் அவருடைய மனைவி மாரித் இறந்துபோனாள். கோடை வந்ததும் யன்னல்களுக்குக் கறுப்புத் திரை போடுகிறவள் அவள்தான். திரைகளை அவரும் எடுத்துப் போட்டுப் பார்த்தார், மருந்தும் குடித்துப் பார்த்தார், நித்திரை வரவில்லை. நான் எந்நேரம் யன்னலால் பார்த்தாலும் அவர் வாசற்படியில் இருப்பார். ஆனி மாதக் கடைசியில் கடலோர வளைவில் அவருக்கு ஒரு கணம் கண் சொக்கி, பஸ்ஸின் முன் சில்லு தெருவை விட்டு இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. கீழே கடல். பஸ்காரர்கள் அவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் நன்றாக நித்திரை கொள்கிறார் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டால் ஓட்டலாம், இல்லாவிட்டால் வேறு சாரதி இல்லை, இந்த ஊருக்குப் பஸ்ஸும் இல்லை. பஸ் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, எங்களைப்போன்ற கிழடுகளுக்கு ஆஸ்பத்திரி இல்லை. ஹால்வோருக்கோ காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் இல்லை.

“நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன்,” என்றேன் இவரிடம்.

“நேற்றே சொன்னனான். பட்டப்பகலிலை ஒருத்தற்றை தோட்டத்துக்குள்ளை சுருண்டு படுக்கத் தான் என்ன நாயோ எண்டு கேக்கிறார். நீ போய்ச் சொல்லு. உனக்கு நாயெண்டு சொல்ல மாட்டார்.”

நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வேலிக்குப் போனேன். அவர்களுடைய மொழியில் எல்லாருக்கும் நீதான், மரியாதைக்கென்று வேறு சொல் புழக்கத்தில் இல்லை. நான் வாயால் நீ என்றும் மனதால் நீங்கள் என்றும்தான் இத்தனை வருடமும் பேசி வருகிறேன்.

“என்னுடைய பூ விரிந்திருக்கிறது,” என்றேன். “எட்டு வருடம் காத்திருந்தேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.”

“பூவா?”

“பூ.”

“பூ பார்க்கத்தான் கூப்பிடுகிறாயா?”

“பூ பார்க்கத்தான்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் அப்போது ஆறேழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தேன், அதில் இருந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“கிழிந்த துணிபோல இருக்கிறது,” என்றார்.

“ஓம்.”

“மாரித்துக்குப் பிடித்திருக்கும்.”

மறுபடி பூவை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாளியிலிருந்து மெல்லச் சரிந்து, தொப்பி தலைக்கடியில் வர, தூங்கிப்போனார். அவருடைய குறட்டையில் பந்தல் தடிகள் அதிர்ந்தன, பிஞ்சு இரண்டும் ஆடின. பெந்தேயின் பேரக்குழந்தை கண் விழித்துப் பார்த்து, சிரித்துவிட்டு மறுபடி தூங்கியது.

அன்றிலிருந்து மூன்று மணி அடிக்க முதலே தலையணையோடு வேலிக்கு வந்துவிடுவார். பூப் பார்க்க வந்தேன் என்பார். “பூ உள்ளைதான், போய்ப் பாருங்கோ,” என்று இவர் தமிழிலேயே சொல்வார். இருவருக்கும் அது விளங்கும்.

ஆடி பிறந்த பிறகு, ஒரு நாள் இருட்டு வந்து நின்றபோது அதன் கீழ்விளிம்பு தரையைத் தொடவில்லை. நாலு விரல் இடைவெளியால் வெளிச்சம் ஊடுருவியது. மறுநாள் ஒரு சாண். அகலமும் குறைந்திருந்தது. பிறகுதான் விசயம் தெரிந்தது. வந்து தூங்கினவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரியாமலே கொஞ்சம் கொஞ்சம் இருட்டைத் தலைமயிரிலும் சட்டைப் பையிலும் கொண்டு போயிருக்கிறார்கள். பெந்தே தன் மேற்சட்டையைக் கடைமேசையில் உதறியபோது ஒரு பிடி இருட்டு விழுந்து, அதன்மேல் பூனை படுத்துக்கொண்டதாம். சபைக்காரர் தன் பைக்குள் போனதை ஒரு போத்தலில் அடைத்துத் திருப்பி அனுப்பினார். திறந்து ஊற்றினேன், பழைய இருட்டோடு ஒட்டவில்லை.

பெந்தே கடை வாசலில் அறிவித்தல் ஒட்டினாள்: இனி ஹால்வோர் மட்டும். ஊரார் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை, படுக்கைப் பைகளைச் சுருட்டிக்கொண்டு போய்த் தங்கள் வெளிச்சத்துக்குள் விழித்துக் கிடந்தார்கள். அப்படியும் இருட்டு, தோய்க்கத் தோய்க்கச் சுருங்குகிற சேலைபோல மேலே மேலே ஏறியது. ஆடி நடுவில் அது கொடிக்குப் போதும், ஆளுக்குக் காணாது என்ற அளவுக்கு வந்தது. கீழே படுத்தவரின் முகத்தில் வெயில் விழுந்தது. ஹால்வோர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே பழைய கறுப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் தொடங்க ஒரு மாதம் இருந்தது.

“கட்டிலைப் போட்டு ஆளை மேலே உயர்த்தினால் சரி,” என்றார் இவர். “ஆனால் கொடியை இறக்க வேணும். ரெண்டுக்கும் இடமில்லை.”

இரண்டு காயில் ஒன்று முழநீளம் வளர்ந்திருந்தது. மற்றது சாண் நீளத்தில் சுருளத் தொடங்கியிருந்தது. ஒன்றையாவது முற்ற விட்டு விதை எடுக்காவிட்டால், என்னிடம் வேறு விதை இல்லை. நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கொடியின் அடியைப் பிடித்தேன்.

“என்ன செய்கிறாய்?” ஹால்வோர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார், தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

“நீங்கள் தூங்க வேண்டும்.”

“அதை வெட்டினால் பஸ்ஸை நானே கடலுக்குள் விடுவேன்,” என்றார். “நான் பூப் பார்க்கத்தான் வருகிறேன்.”

அவர் போய் வாசற்படியில் இருந்துவிட்டார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. சுருளத் தொடங்கின காய்க்குக் கல் கட்ட வேண்டியிருந்தது. நுனியில் ஒரு சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டால் புடலங்காய் சுருளாமல் நேராக நீளும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது. பாரமான கல் கட்டினால் காம்பு அறும், பாரம் காணாவிட்டால் காய் சுருளும், அதனால் கல்லைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். கட்டி முடித்துக் கையை எடுக்கும்போது இருட்டின் விளிம்பு என் கையில் பட்டது. ஈரத்துணிபோல இருந்தது. அதுவும் நுனி சுருண்டுதான் போயிருந்தது.

நூல் மிச்சம் இருந்தது. கல்லும் இருந்தது. கட்டிவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு இருட்டு வந்தபோது, கல் கட்டின இடம் மட்டும் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

“எங்கடை ஆள் இருட்டுக்கும் கல்லுக் கட்டிட்டுது,” என்று இவர் கடையில் போய்ச் சொன்னார். பெந்தே கம்பளி நூல் உருண்டையோடு வந்தாள். ஊரும் வந்தது. ஆளுக்கொரு கல்லைக் கடற்கரையில் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றையும் நான் கையில் ஏந்திப் பார்த்தேன், சரியானதை வைத்துக்கொண்டேன், மற்றதைத் திருப்பிக் கொடுத்தேன். ஆசிரியையின் தகப்பன் கொண்டு வந்த கல்லை மூன்று தரம் திருப்பினேன்.

“உன் மனைவி மீனிலும் இப்படித்தானா?” என்று அவர் இவரிடம் கேட்டார்.

“இருபத்திரண்டு வருடமும் ஒரு முள் விட்டதில்லை. எனக்கு மட்டும்தான் விட்டுப் போட்டா.”

சேவல்காரர் ஒரு சிறு நங்கூரத்தைத் தோளில் சுமந்து வந்தார். “இதைக் கட்டினால் ஒரே நாளில் இறங்கும்.”

“கிழியும்,” என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி நான் சொன்ன முதல் சொல் அதுதான். அவர் நங்கூரத்தைத் திருப்பிக் கொண்டுபோய், கோழி முட்டையளவில் ஒரு கல்லோடு வந்தார்.

நாற்பத்தாறு கல் கட்டினோம். இருட்டு நீண்டது. முதலில் தரையைத் தொட்டது, பிறகு தரையில் மடிந்து, முள்ளங்கிப் பாத்திமேல் படர்ந்து, வேலிக்குக் கீழால் நுழைந்து, ஹால்வோரின் புல்லில் போய், ஒரு நாள் அவருடைய படுக்கையறை யன்னலில் ஏறி உள்ளே இறங்கியது. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வரப் புறப்பட்டவர் நின்றார், யன்னலைப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார். மாரித் இறந்த நாளிலிருந்து அந்தக் கட்டிலில் அவர் படுத்ததில்லை என்று பெந்தே சொன்னாள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் யன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. குறட்டை. பெந்தே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இவர் என் தோளில் தட்டி, “பூப் பாக்கிறார்,” என்றார்.

மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

ஆடிக் கடைசியில் சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கப் பழகியது, முதலில் ஒரு கண் மூடித் திறக்கிற நேரம், பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம், பிறகு ஒரு சிறு தூக்கம். மலைகளுக்குப் பின்னாலிருந்து ஊரின் சொந்த இருட்டு இறங்கி வரத் தொடங்கியது. குளிர்ந்த இருட்டு, கடல் வாசம் அடிக்கிற இருட்டு. அது தெருவால் வந்து, ஹால்வோரின் புல்லைக் கடந்து, எங்கள் வேலியடிக்கு வந்து, சில நாள் தயங்கி நின்றது. பிறகு ஒரு காலை நான் தோட்டத்துக்குப் போனபோது நாற்பத்தாறு கல்லும் நூலோடு புல்லில் கிடந்தன. கட்டுவதற்கு விளிம்பு இல்லை. அன்று மூன்று மணிக்கு வெயில் எறித்தது. பொழுது பட்ட பிறகு எல்லா இடமும் ஒன்றாய் இருட்டியது. எது எங்களுடையது, எது ஊருடையது என்று நான் நெடுநேரம் நின்று பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. பந்தலடியில் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்ததுபோலத் தோன்றியது, அதுவும் நிச்சயமில்லை.

கற்களை எண்ணி அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். சிலர் யன்னலில் வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் தொடங்கின நாள் நான் பிஞ்சுக் காயை அறுத்தேன். மற்றது கொடியில் சிவந்து முற்றட்டும், அதன் விதையில் பெந்தேக்குப் பத்து, ஆசிரியைக்குப் பத்து, கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டிரண்டு என்று பங்கு போட்டாயிற்று. காயின் நுனியில் கட்டின கல்லை அவிழ்க்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு, போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லாவிட்டாலும், நல்ல சேலை உடுத்துத் தெருவில் போய் நின்றேன். பஸ் வந்தது. பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் ஹால்வோர் சவரம் செய்த முகத்தோடு இருந்தார். காயை நீட்டினேன். அவர் கல்லை அவிழ்த்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, காயை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“எங்கே இறங்க வேண்டும்?”

“சுற்றிக்கொண்டு வந்து,” என்றேன், “எங்கள் வீட்டிலே.”